‘டெட் மேன்ஸ் ஷூஸ்’: சிலர் கொண்டாடுவதும் சிலர் முகம் சுளிப்பதும் ஏன்?

கேள்வி: நண்பர் ஒருவர் சொல்லி ‘டெட் மேன்ஸ் ஷூஸ்’ என்ற 2004ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படத்தைப் பார்த்தேன். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெதுவாக நகரும் மலிவான கொலைப்படம் என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நாயகன் செய்தது நியாயமா என்பதிலும் பெரிய சண்டை நடக்கிறது. ஒரே படத்தைப் பற்றி இவ்வளவு வேறுபட்ட கருத்துகள் எப்படி? நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: நான் கொண்டாடுகிறவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்களில் பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. வாயு முகமூடி, கோடரி, நடுங்க வைக்கும் மிரட்டல் பேச்சு ஆகியவற்றுக்காகப் படத்தைப் பிடிக்கிறது என்பவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டதாகச் சொல்வதால் முடிவு உட்பட எல்லாவற்றையும் திறந்து பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இத்துடன் நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள்.

கதை எல்லாருக்கும் நினைவிருக்க ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் இருந்த ரிச்சர்ட், தம்பி ஆன்டனியுடன் சொந்த ஊருக்குத் திரும்புகிறான். ஆன்டனி அறிவுசார் குறைபாடு உள்ளவன், சூதறியாதவன். அண்ணன் ஊரில் இல்லாத நாட்களில், போதைப்பொருள் விற்கும் உள்ளூர்க் கும்பல் ஒன்று அவனைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டு, பொழுதுபோக்காக வதைத்திருக்கிறது. அந்தக் கும்பலை ரிச்சர்ட் ஒவ்வொருவராக முடிக்கிறான். கடவுள் இவர்களை மன்னித்துச் சொர்க்கத்துக்குள் விட்டுவிடுவார், அதை என்னால் தாங்கிக்கொண்டு வாழ முடியாது என்ற பொருளில் அவன் குரல் தொடக்கத்திலேயே நம்மிடம் சொல்லிவிடுகிறது. கடைசியில்தான், நாம் இவ்வளவு நேரம் அவன் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டனி எப்போதோ இறந்துபோனவன் என்பது தெரிகிறது.

இதை எழுதியவர்கள் இயக்குநர் ஷேன் மெடோஸும், ரிச்சர்டாக நடித்த பேடி கான்சிடைனும். மெடோஸ் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள அட்டாக்சிட்டர் என்ற சிற்றூர்க்காரர். கான்சிடைன் அதே வட்டாரத்தில் உள்ள பர்ட்டனைச் சேர்ந்தவர். இருவரும் இளமையிலிருந்தே நண்பர்கள். மெடோஸுக்கு ஒரு நண்பன் இருந்தான். மற்றவர்களின் கொடுமைக்கு ஆளாகி, போதைப் பழக்கத்தில் விழுந்து, கடைசியில் தற்கொலை செய்துகொண்டவன். பல ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போனபோது அந்த நண்பனை ஊரே மறந்துபோயிருந்தது என்று மெடோஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படம் அங்கிருந்து பிறந்தது. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. ‘யார் செய்தார்கள், எப்படித் தண்டிப்பது’ என்பது வழக்கமான பழிவாங்கும் கதையின் கேள்வி. செத்தவனை இந்த ஊரில் யாராவது நினைத்துப் பார்க்கிறார்களா என்பது இந்தப் படத்தின் கேள்வி. முதல் கேள்வியை மனத்தில் வைத்து உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம் வருவது இயல்பு.

‘மலிவான படம்’ என்ற குறையை எடுத்துக்கொள்வோம். செலவு குறைந்த படம்தான், மறைக்க ஒன்றுமில்லை. சில வாரங்களில் எடுத்து முடித்தார்கள். டார்பிஷயரில் மேட்லாக் என்ற மலையடிவார ஊரும் அதன் சுற்றுப்புறமும்தான் களம். லண்டனின் பளபளப்பு இல்லை. நியூகாசில் போன்ற தொழில்நகரத்தின் கம்பீரமும் இல்லை. பச்சைப் புல்வெளி, கல் சுவர்கள், அரசாங்கக் குடியிருப்பு, தேய்ந்த சோபா, தேநீர்க் குவளைகள். கும்பலின் தலைவன் சோனி உட்பட எல்லாரும் ஏறிச் செல்வது ஒரு சின்னஞ்சிறு சிட்ரோன் கார். பெரிய ஆட்கள் ஐந்தாறு பேர் அதற்குள் முட்டி மடக்கி அடைந்து கிடப்பதைப் பார்த்துச் சிலர், ‘இவர்களா ரவுடிகள்?’ என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். சிறிய ஊரில், சிறிய அளவில் சரக்கு விற்று, அதிலேயே பாதியைத் தாங்களே உட்கொண்டு, சீட்டாடிக்கொண்டு பொழுதைக் கழிக்கிறவர்கள். ஒரு பையனைச் சாவு வரை தள்ளுவதற்குப் பெரிய வில்லன்கள் தேவைப்படவில்லை. வேலையில்லாத மாலையும், கேட்பாரற்ற ஒரு பையனும், ‘சும்மா விளையாட்டுக்கு’ என்ற சமாதானமும் போதுமானதாக இருந்தது. ஆடம்பரச் செலவில் எடுத்திருந்தால் இந்தச் சின்னத்தனம் திரையில் வந்திருக்காது.

மெதுவாக நகர்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொத்தமே ஒன்றரை மணி நேரப் படம். முதல் பாதியில் சிரிப்பு அதிகம் என்பதால் ‘கதை இன்னும் தொடங்கவில்லை’ என்று தோன்றுகிறது. அந்தச் சிரிப்பு எப்படி வருகிறது என்று கவனியுங்கள்.

கும்பலில் ஒருவனான ஹெர்பி ஒரு மதுக்கூடத்தில் இருக்கிறான். சற்றுத் தள்ளி ரிச்சர்ட் அவனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என்ன பார்க்கிறாய் என்று ஹெர்பி கேட்கிறான். உன்னைத்தான் என்று ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து, அறையே அதிரும்படி ரிச்சர்ட் பதில் சொல்கிறான். பிறகு அதே ரிச்சர்ட் தெருவில் அவனைத் தேடிவந்து, தவறாக நடந்துகொண்டேன், மன்னித்துவிடு என்று மிகவும் சாதுவாகச் சொல்கிறான். ஹெர்பிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோபப்படவும் முடியாமல், நிம்மதி அடையவும் முடியாமல் தலையாட்டிவிட்டு நகர்கிறான். முதல் முறை பார்க்கும்போது அந்த மன்னிப்பு ஒரு கோழையின் பின்வாங்கல் போல இருக்கும். இரண்டாம் முறை பார்க்கும்போது வயிறு கலங்கும். அவன் குரலில் இருப்பது பணிவு அல்ல. வேட்டைக்காரன் விலங்கைக் கலைத்துவிடாமல் அடி எடுத்து வைக்கிறான்.

பிறகு இரவில் வீட்டுக்குள் புகுந்து, தூங்குகிறவர்களின் முகத்தில் சாயம் பூசிவிட்டுப் போகிறான். காலையில் எழுந்து ஒருவரையொருவர் பார்த்து அவர்கள் திகைப்பதில் நாமும் சிரித்துவிடுகிறோம். அந்தக் கோலத்தின் எச்சம் முகத்தில் இருக்க சோனி தன் ஆட்களுடன் ரிச்சர்டைப் பார்க்கப் போகிறான். சோனியாக நடித்த கேரி ஸ்ட்ரெட்ச் முன்னாள் குத்துச்சண்டை வீரர். பிரிட்டிஷ் பட்டம் வென்றவர். உடம்பிலும் உயரத்திலும் அவர்தான் பெரியவர். கான்சிடைன் கையை ஓங்கவில்லை. குரலை உயர்த்தவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் வண்டியில் ஏறிப் போய்விடுவேன் என்கிற தோரணையில், அண்டைவீட்டுக்காரன் வானிலை சொல்வதுபோல் பேசுகிறார். ஸ்ட்ரெட்ச் முகத்தில் ஒரு நொடி மட்டும் எச்சில் விழுங்கும் தயக்கம் வந்து போகிறது. இவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணமே இல்லாதவன் என்பது சோனிக்கு அங்கே புரிந்துவிடுகிறது. சாகத் தயாரானவனை எதைக் காட்டி மிரட்டுவது? மெடோஸ் நடிகர்களை எழுதிய வசனத்துக்குள் அடைக்காமல், நின்ற இடத்தில் பேச விடுகிறவர். அந்தக் காட்சியின் உயிர் அதில்தான் இருக்கிறது. பத்து சண்டைக் காட்சிகளுக்கு நான் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது பெரிய சண்டைக்கு வருவோம். செய்த குற்றத்துக்கு மீறிய தண்டனை இது, ஆன்டனியை அவர்கள் கையால் கொல்லவில்லையே என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. அவர்களுக்கு இதுவும் போதாது என்கிறது மறுதரப்பு. இருவருமே நடந்ததைத் தராசில் நிறுக்கப் பார்க்கிறார்கள். நான் சொல்வது, படம் அந்தத் தராசை வேண்டுமென்றே உடைக்கிறது என்பது. எப்படி உடைக்கிறது என்பதற்கு ஒரே காட்சி போதும்.

ரிச்சர்ட் கும்பலின் வீட்டுக்குள் நுழைந்து தேநீருக்கான தண்ணீரில் போதைப்பொருளைக் கலந்துவிடுகிறான். வீட்டில் எஞ்சியவர்கள் வழக்கம்போலத் தேநீர் போட்டுக் குடிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு உலகம் உருகத் தொடங்குகிறது. காரணமில்லாமல் சிரிக்கிறார்கள், பயப்படுகிறார்கள், பக்கத்தில் நிற்பவன் தங்களைக் கொல்ல வந்தவன் என்பதுகூடத் தெளிவாகப் புரியாமல் அவனிடம் குழந்தைபோல் நடந்துகொள்கிறார்கள். ஹெர்பியிடம் ஒரு பெட்டியைக் காட்டித் திறந்து பார்க்கச் சொல்லும் இடத்தில், என்னால் ரிச்சர்ட் பக்கம் நிற்க முடியவில்லை. ஹெர்பியின் முகம் அப்போது யாருடைய முகம்போல இருக்கிறது? கறுப்பு வெள்ளையில் இடையிடையே வரும் பழைய காட்சிகளில் இதே கும்பல் ஆன்டனிக்குப் போதைப்பொருள் கொடுத்து, அவன் மிரள்வதைப் பார்த்துச் சிரித்ததே, அந்த ஆன்டனியின் முகம். என்ன நடக்கிறதென்று புரியாதவனை, எதிர்க்க முடியாதவனை, சுற்றி நின்று வதைப்பது. அவர்கள் அன்று செய்ததையே இவன் இன்று செய்கிறான். முகம் சுளித்தவர்கள் தவறாகப் பார்க்கவில்லை. இயக்குநர் அவர்கள் எங்கே சுளிக்க வேண்டும் என்று நினைத்தாரோ, சரியாக அங்கே சுளித்திருக்கிறார்கள்.

பாரதக் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. தந்தையை வஞ்சனையால் இழந்த அசுவத்தாமனின் துயரம் உண்மையானது. அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களை அவன் கொன்றதைக் கேட்கும்போது நெஞ்சு அவனிடமிருந்து விலகிவிடுகிறது. துயரத்தின் மீது இரக்கமும் செய்கையின் மீது அருவருப்பும் ஒரே ஆளிடத்தில் சேர்ந்து வருவதை அந்தக் கதை நமக்கு எப்போதோ பழக்கிவிட்டது. ரிச்சர்டைப் பற்றி ‘நல்லவனா கெட்டவனா’ என்று அடித்துக்கொள்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

வேறு இரண்டு பிரிட்டிஷ் படங்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மைக் ஹாட்ஜஸ் இயக்கி 1971இல் வந்த ‘கெட் கார்ட்டர்’ இந்த வகைப் படங்களுக்கெல்லாம் மூத்தது. அங்கும் அண்ணன் தம்பிக் கதைதான். லண்டனில் அடியாளாக இருக்கும் ஜாக் கார்ட்டர், சகோதரன் இறந்த செய்தி கேட்டு நியூகாசிலுக்கு ரயிலேறுகிறான். கார்ட்டராக நடித்த மைக்கேல் கெய்னின் முகத்தில் துக்கம் ஏறக்குறைய எங்குமே தெரியாது. வேலையை முடிக்க வந்தவனின் குளிர்ச்சிதான் தெரியும். நிலக்கரிக் கழிவு கொட்டிக் கறுத்துப்போன கடற்கரையில், முகம் தெரியாத ஒருவனின் துப்பாக்கிக்குக் கார்ட்டர் பலியாகிறான். அந்தப் படமும் வந்த புதிதில் ‘இவ்வளவு கொடூரமா’ என்று விமர்சகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அதற்கு உரிய இடம் கிடைத்தது. 1999இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் வெளியிட்ட நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் 16ஆம் இடம்.

2009இல் வந்த ‘ஹேரி பிரவுன்’ படத்திலும் அதே கெய்ன்தான், இப்போது முதியவராக. நண்பனை இழந்த ஓய்வுபெற்ற படைவீரர், தெற்கு லண்டன் அடுக்குமாடிக் குடியிருப்பில் அட்டகாசம் செய்யும் இளைஞர்களைச் சுட்டு வீழ்த்துகிறார். கெய்னின் நடிப்பு அபாரம். ஆனால் அந்தப் படத்தை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. அந்த இளைஞர்கள் பெரும்பாலும் தொப்பிச் சட்டைக்குள் ஒளிந்த நிழல்கள். நிழலைச் சுட்டால் யாருக்கு வலிக்கும்? அரங்கில் கைதட்டல் எழுவதற்கு வசதியாகவே அவர்களுக்கு முகம் கொடுக்கப்படவில்லை. மெடோஸ் தன் கும்பலுக்கு முகம் கொடுக்கிறார், நகைச்சுவை கொடுக்கிறார், ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்ளும் நட்பைக் கொடுக்கிறார். பிறகு அவர்களைக் கொல்கிறார். பார்க்கிறவர்களுக்கு இது அதிக வலி தரும் வழி. நேர்மையான வழியும் இதுதான்.

‘ஆன்டனி இறந்துவிட்டான் என்பதை முன்பே ஊகித்துவிட்டேன், திருப்பம் பலவீனம்’ என்கிறவர்களுக்கு: ஊகித்திருக்கலாம், நானும் பாதியில் சந்தேகப்பட்டேன். ஆனால் படம் அந்தத் திருப்பத்தின் மீது ஏறி நிற்கவில்லை. அதைவிடக் கனமான செய்தி பக்கத்திலேயே இருக்கிறது. தம்பி அலறியபோது அண்ணன் அங்கே இல்லை. ஊருக்கு வெளியே பாழடைந்த பண்ணைக் கொட்டிலில் தங்கி, இல்லாத தம்பியிடம் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் அந்த ஒரு குறையை நிரப்பப் பார்ப்பதுதான். ஆன்டனியாக நடித்த டோபி கெப்பெலுக்கு இது முதல் திரைப்படம். தலையைச் சற்றுச் சாய்த்து, அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருக்கும் அவர் நடிப்பைச் சிலர் மிகை என்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் திரையில் காட்டும்போது பரிதாபத்தைப் பிழிவது வழக்கம். கெப்பெல் அதைச் செய்யவில்லை. ஆன்டனிக்கு அந்தக் கும்பலைப் பிடித்திருந்தது. அவர்கள் தன் நண்பர்கள் என்று நம்பினான். அந்த நம்பிக்கையை அவர் முகத்தில் பார்ப்பதுதான் எனக்குப் படத்தின் மிகக் கொடிய காட்சி. எந்தக் கொலையும் அதற்கு ஈடாகாது.

முடிவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கும்பலில் ஒருவன் மிச்சம்: மார்க். அவன் எப்போதோ இவர்களை விட்டு விலகி, மனைவி, இரண்டு ஆண்பிள்ளைகள் என்று குடும்பஸ்தனாகிவிட்டான். அன்று அவன் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ரிச்சர்ட் அவனை மேட்லாக்குக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் ரைபர் கோட்டைக்குக் கூட்டிப்போகிறான், ஆன்டனி தூக்கில் தொங்கிய இடத்துக்கு. கோட்டை என்று பெயரே தவிர, அது 1860களில் ஜான் ஸ்மெட்லி என்ற ஆலை முதலாளி கட்டிய மாளிகை. பிற்காலத்தில் கூரையின்றி வெறும் சுவர்களாக நின்றது. 2000ஆம் ஆண்டு வரை அதன் வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சிசாலையும் இயங்கியது. விலங்குகளை அடைத்து வேடிக்கை பார்த்த வளாகத்தில் ஒரு பையனையும் வேடிக்கைப் பொருளாக்கிச் சாவு வரை தள்ளியதை அங்கே காட்டியது தற்செயலாக அமைந்ததுதானோ என்னவோ, எனக்கு அந்த எண்ணம் போகவில்லை.

அங்கே ரிச்சர்ட் மார்க்கைக் கொல்லவில்லை. கத்தியை அவன் கையில் திணிக்கிறான். நீங்கள்தான் அரக்கர்களாக இருந்திருக்க வேண்டும், இப்போது நான் விலங்காகிவிட்டேன் என்று கதறுகிறான். தம்பியோடு படுத்துக்கொள்ள வேண்டும் என்கிறான். கார்ட்டருக்கு எங்கிருந்தோ வந்த தோட்டா ரிச்சர்டுக்கு வரவில்லை. அதை அவனே கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். இந்த முடிவு ‘ஏமாற்றம்’, ‘நாயகன் தோற்றுவிட்டான்’ என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. மார்க்கின் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களின் தந்தை இப்போது ஒரு மனிதனைக் குத்தியவனாக வீடு திரும்ப வேண்டும். ரிச்சர்ட் தன் கையில் இருந்த இரத்தத்தை மார்க்கின் கையில் மாற்றிவிட்டுப் போகிறான். மார்க் மன்னிக்கப்பட்டானா, தண்டிக்கப்பட்டானா? நான்கு முறை பார்த்தும் எனக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மற்ற சில்லறைக் குறைகளில் எனக்கு உடன்பாடு உண்டு. இங்கிலாந்தின் நடுப்பகுதிப் பேச்சுவழக்கு நம் காதுக்குச் சுலபமாகப் பிடிபடாது. வசன வரிகளைப் போட்டுக்கொண்டு பாருங்கள். கெட்ட வார்த்தை ஏராளம், பிரிட்டனில் வயது வந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழ்தான். ஓரிரு இடங்களில் இசை கொஞ்சம் வற்புறுத்துகிறது என்றும் நினைக்கிறேன், இறுதிப் பகுதியின் தேவாலயக் குரல்கள் தவிர. தலைப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்காக: ஒருவர் செத்தால்தான் அவர் இடம் நமக்குக் கிடைக்கும் என்ற நிலையை ‘செத்தவர் காலணி’ என்று சொல்வது ஆங்கில வழக்கு. இங்கே அதை நேர்ப்பொருளிலும் எடுத்துக்கொள்ளலாம். தம்பியின் காலணியில் அண்ணன் நடக்கிறான். அந்த ஆண்டு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவின் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இதுவும் இருந்தது, விருது வேறு படத்துக்குப் போனது. அதனால் எதுவும் குறைந்துவிடவில்லை.

நேரம் இருந்தால் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் மீண்டும் போட்டுப் பாருங்கள். வயல்வெளியில் இருவரும் நடந்து வருகிறார்கள். இடையிடையே, வீட்டில் எடுத்த பழைய படச்சுருளில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். பிறகு இருவரும் ஊருக்குள் நுழைகிறார்கள். அங்கிருந்து படம் முழுக்க, நிகழ்காலத்தில், ஆன்டனி பேசும்போது பதில் சொல்கிறவர் யார் என்று மட்டும் கவனியுங்கள். ரிச்சர்டைத் தவிர ஒருவர்கூட இல்லை.